கழுகின் ஓரத்தில் அழித்த பெயர்

ஒரு கம்ப்யூட்டர் லாரி கேமின் ரசிகர்களான நானும் என் தோழி கவிதாவும், அந்த கேமில் ஓட்ட ஆளுக்கொரு லாரி வடிவமைத்து இணையத்தில் போட்டோம். அவள் லாரியில் இருந்த மயில் படத்தைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை வரைந்த பெயின்டரைத் தேடி நாமக்கல் பட்டறைக்கே போய்விட்டேன்.

“கவிதாவுக்கு மட்டும் ஏனுங்க மயில் வரைஞ்சு குடுத்தீங்க?”

“அந்தப் புள்ள வந்து கேட்டுச்சுங்க. உங்க லாரியக் காட்டுங்க, பாக்கலாம்.”

போனை நீட்டினேன். என் லாரியில் இருந்த கழுகு, டீக்கடை முன் நின்ற ஏதோ லாரியில் நான் போட்டோ எடுத்தது. ஓரத்தில் இருந்த பெயின்டர் பெயரைப் படிக்காமலே அழித்திருந்தேன்.

அவர் அந்த வெற்றிடத்தை விரலால் தடவினார்.

“இதுவும் நான் வரைஞ்சதுதானுங்க. கேட்டிருந்தா இன்னும் நல்லாவே வரைஞ்சிருப்பேன்.”

கவிதா மேல் பொறாமை இன்னும் போகவில்லை. மயிலுக்காக இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அவளால் பேச முடிகிறதே, அதற்காக.