நாச்சிமுத்து எழுதிய ஏழு வரிகள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தாறு. சாயம் ஏறிய துணி, கேட்ட நிறத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது பதினெட்டு வருடங்களாக அவர் வேலை. மூட்டை தூக்க வரும் பீகார்க்காரரையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. இரண்டு நிறங்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிடும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் சேர்ந்து எழுதுவது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆறு வருடங்களுக்கு முன் நாச்சிமுத்து அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அப்படியே பழகி, வருகிற திருத்தங்களைப் படித்து ஏற்கவோ தள்ளவோ செய்யும் நான்கு பேரில் ஒருவரானார். டிப்ளமோ மட்டும் படித்தவருக்கு அது சின்னப் பெருமை இல்லை.

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலை, அந்த மென்பொருள் குழுவின் நடத்தையைக் கவனிக்கும் கமிட்டியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் எழுதும் விதத்தைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, விசாரித்ததில் உண்மை என்று தெரிகிறது, ஆறு மாதத்துக்கு அவர் திருத்தங்களைப் பரிசீலிக்கக் கூடாது என்று இருந்தது. கீழே, மூன்று வருடங்களில் அவர் ஆறு பேருக்கு எழுதிய ஏழு வரிகளைத் தேதியோடு கொடுத்திருந்தார்கள்.

ஆள் மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ஒவ்வொரு தேதியாகத் தேடிப் பார்த்தார். ஏழும் அவர் எழுதியவைதான். அப்போதும் அவருக்குத் தப்பு தெரியவில்லை. பிழையைப் பிழை என்று சொன்னது குற்றமா என்று கோபமாக ஒரு பதிலைத் தட்டச்சு செய்தார். அனுப்பும் முன் தன் ஆங்கிலத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது.

ஆய்வகத்தில் அவருக்கு உதவியாக இருப்பவள் பிரிசில்லா. சாத்தான்குளத்துப் பக்கம், வேதியியல் படித்துவிட்டு மூன்று வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வந்தவள். அவளைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க பிரிசில்லா, இதைக் கொஞ்சம் பாருங்க. மரியாதைக் குறைவா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவள் படித்தாள். யார் எழுதியது என்று கேட்கவில்லை. பெயர் மேலேயே இருந்தது. வேண்டாம் சார், விட்டுருங்க என்றாள். அவர் விடவில்லை. தமிழில் சொல்லச் சொன்னார். அவள் திரையைப் பார்த்தபடியே மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.

"இது கூடப் புரியலன்னா நீ இங்க எதுக்கு வந்த? உன் வாத்தியார் இதப் பாத்தாரா, இல்ல அவருக்கும் தெரியாதா? இங்கிலீஷே ஒழுங்கா எழுத வரல, கலரப் பத்தி எழுத வந்துட்ட."

நாச்சிமுத்து இடைமறித்தார். "நீன்னு நானு எழுதலைங்களே."

"இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் சார். நானும் நீங்கன்னு போட்டுப் பாத்தேன். இந்த வரியில ஒட்டவே மாட்டேங்குது."

மீதி நான்கு வரிகளை அவர் கேட்கவில்லை. அப்படி ஒரு பேச்சை அவர் வீட்டிலும் பேசியதில்லை, வெளியிலும் பேசியதில்லை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் நிறத்தின் ஷேடு சரியில்லை என்று திட்டி அனுப்பும் மின்னஞ்சல்களைப் படித்துத்தான் அவர் ஆங்கிலம் எழுதப் பழகினார். விவரம் தெரிந்தவர்கள் அந்த மொழியில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

பிரிசில்லா வாசித்த மூன்றாவது வரி சல்மா என்ற துனீசியா நாட்டு மாணவிக்கு எழுதியது. அடர் நீலங்களில் கணக்கு தப்பாக வருகிறது என்று அவள் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். அவர் அதை முழுதாகப் படிக்காமலே தள்ளிவிட்டார். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. அன்று பிற்பகல் அவளுடைய திருத்தத்தை எடுத்து, பட்டறையில் இருந்த நேவி புளூ துணிகளின் நிற அளவுகளில் ஓட்டிப் பார்த்தார். நாற்பது துணிகள். நாற்பதிலும் அவள் சொன்னதே சரி. இரண்டாவது முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்தார்.

கோபப் பதிலை அழித்துவிட்டு, எழுதியது நான்தான், தண்டனை நியாயம்தான் என்று கமிட்டிக்கு எழுதினார். சல்மாவிடம் மன்னிப்புக் கேட்க அவளுடைய முகவரியையும் கேட்டார். நேரடியாக அவளுக்கு எழுதக் கூடாது, கடிதத்தை எங்களிடம் கொடுங்கள், அவள் விரும்பினால் சேர்ப்போம் என்று பதில் வந்தது. தன்னிடமிருந்து ஒருத்தியைப் பாதுகாக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிய அரை நாள் ஆனது. மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்து ஆறு கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து விவரம் வந்தது. இரண்டு பேர் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். மூன்று பேர் பதிலே சொல்லவில்லை. சல்மா படிக்க விரும்பவில்லை. திருத்தம் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

இன்னொரு பரிசீலகர் அதைச் சேர்த்தார். எந்தத் திருத்தத்துக்கும் எதிரே அதைச் செய்தவர் பெயர் இருக்கும். இதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

தையில் தடை முடிந்து நாச்சிமுத்து மறுபடியும் உள்ளே போனார். முதலில் வந்த திருத்தத்தில் பிழை இருந்தது. அதை எழுதிச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.