இரண்டாவது ஹெல்மெட்

கணவர் வேறொருத்தியோடு போன பிறகு அவருடைய பொருள் என்று வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போது போட்டுக்கொள்ளும் கறுப்பு ஹெல்மெட். மர்பி டவுன் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில் மூன்று வருடம் தொங்கியது. பார்க்கவும் பிடிக்காது. தூக்கிப் போடவும் மனம் வராது.

நான் ரத்தப் பரிசோதனை செய்வது அடுகோடியில் ஒரு கிளினிக்கில். அங்கே மருந்துக் கடையைப் பார்த்துக்கொள்பவர் மனைவியை இழந்தவர். ஒருநாள் தயங்கித் தயங்கி, "நாளைக்கு சாயங்காலம் உங்க வீட்டுப் பக்கம், அல்சூர்ல கொஞ்சம் வேலை இருக்கு மேடம். உங்க வண்டியில வரட்டுமா?" என்றார். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டுமே என்று அந்தக் கறுப்பையே எடுத்துப் போனேன்.

சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் அது தெரிந்தது. எனக்கு என்ன வந்ததோ, வண்டியை ஓரம் கட்டி, "கழட்டுங்க அதை! இறங்குங்க!" என்று கத்தினேன். பாவம், பாதி வழியில் அந்த மனிதரை இறக்கிவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பர்வாகில்ல மேடம், விடுங்க," என்றார். என் கதைதான் கிளினிக் முழுக்கத் தெரியுமே. அடுத்த வாரம் ஒரு நீல ஹெல்மெட்டோடு வந்து நின்றார். வண்டியே இல்லாதவர், ஓட்டவும் தெரியாதவர்!

"புதுசு. இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல," என்றார்.

அன்றிலிருந்து தினமும் என் வண்டியில்தான். அவர் வீடு ஒக்கலிபுரத்தில். அடுகோடியிலிருந்து நேராகப் போவதை விட்டு, என் தெருமுனை வரை வந்து பஸ் ஏறுவது ஊரைச் சுற்றும் வழி. எனக்குத் தெரியாதா என்ன? ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போய், காலையில் பஸ்ஸிலேயே கொண்டுவருவார்.

"கண்டக்டர் கேக்கறாரு மேடம், எங்க டிரைவர் மேல நம்பிக்கை இல்லையா சார்னு."

சிரித்தேன். ஆனால் உள்ளே பயம்தான். இன்னொருவரை நம்பி, அவரும் போய்விட்டால், மறுபடி அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரரிடம் கறுப்பைப் போட்டுவிட்டேன். திங்கள் மாலை அவர் தெருமுனையில் இறங்கி, வழக்கம்போல நீலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குடுங்க இப்படி. எதுக்கு தினம் தூக்கிட்டு அலையறீங்க? எங்க வீட்ல ஆணி காலியாதான் இருக்கு," என்றேன்.

கொடுத்துவிட்டு, வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவருடைய பஸ் வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அது போய்விட்டது.