காப்பு அவிழும்வரை

எங்கள் ஊருக்குள் ஜீப் வராது. புதூர்நாட்டிலிருந்து கிளம்பும் ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கமே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், நோயாளி, எதுவானாலும் அங்கிருந்து தோளில்தான் வர வேண்டும், தோளில்தான் போக வேண்டும். நாற்பது வீடு இருக்கும். சாமை விளைந்தால் கொஞ்ச காலத்துக்குச் சாப்பாடு. அதன் பிறகு பலாவும் புளியும். புளி உலுக்கும் காலத்தில் ஊரில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். மிளகு பறிக்கக் குடகுக்குப் போயிருப்பார்கள். புளியை வெயிலில் காயப்போட்டு, ஓடு நீக்கி, கட்டையால் அடித்துக் கொட்டை எடுக்கும் பெண்களின் சத்தம்தான் பகல் முழுக்கக் கேட்கும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் காற்று நன்றாக இருக்கிறது என்பார்கள். காற்று நன்றாகத்தான் இருக்கிறது. பிரசவத்துக்குத் தூக்கிப் போன ஒரு பெண் ஓடைக்கரையிலேயே பெற்றாள். தாயையும் பிள்ளையையும் அதே போர்வையில் கட்டித் திருப்பித் தூக்கி வந்தார்கள். பிள்ளை அழவேயில்லை. அன்றைக்கும் காற்று நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் என்கிறேனே தவிர, நான் இங்கே பிறந்தவன் அல்ல. சந்தவாசல் பக்கத்துக்காரன். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தேன். மற்றவர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள், நான் இருந்துவிட்டேன். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு கீழே எனக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே, பாறையை ஒட்டி ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு பலாமரம்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்போன் கோபுரம் வருவதற்கு முன்பு ஊரில் எங்கேயும் போனில் சிக்னல் நிலைக்காது; எப்போதாவது மணி அடிக்கும், பேசுவதற்குள் அறுந்துவிடும். அந்தப் பலாமரத்தில் ஆள் உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் நிலைக்கும். அங்கே ஒரு பவுடர் டப்பாவை ஆணி அடித்துப் பொருத்தி, அதில் என் போனை வைத்திருப்பேன். குடகிலிருந்து யார் பேச வேண்டுமானாலும் என் எண்ணுக்குத்தான் போடுவார்கள். நான் பாறையில் ஏறிக் கூப்பிடுவேன். பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்து, டப்பாவுக்குள் காதை வைத்துப் பேசுவார்கள். ஊரில் எல்லா வீட்டுச் சேதியும் முதலில் என் காதில் விழுந்தது. அதில் எனக்கொரு பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பங்குனியில் மாரியம்மனுக்குத் திருவிழா. காப்பு கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை ஊரை விட்டு யாரும் வெளியே போய்த் தங்கக் கூடாது. நடுவில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தீட்டு. திருவிழா அப்படியே நின்றுவிடும். சாவு வெளியூரில் நடந்தாலும் தீட்டு உண்டு. ஆனால் அது செத்த நேரத்திலிருந்து அல்ல, சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்து. கேள்விப்படாதவனுக்குத் தீட்டில்லை. கேள்விப்பட்டவன் கோயில் பக்கம் போகக் கூடாது. இது மலையில் மட்டுமல்ல, கீழேயும் உள்ள வழக்கம்தான்.

தொடர்ந்து இரண்டு பங்குனி திருவிழா நடக்கவில்லை. ஒரு முறை காப்பு கட்டிய அன்றே பழைய ஊர்க்கவுண்டர் இறந்துபோனார். மறுமுறை ஒரு பிள்ளை காய்ச்சலில் போயிற்று. மழையும் ஏமாற்றிவிட்டது. சாமை பதராகப் போனதற்கும் அம்மனுக்குச் செய்யாததற்கும் சம்பந்தம் உண்டென்று ஊர் நம்பியது. மூன்றாம் பங்குனியில் புது ஊர்க்கவுண்டர் என்னிடம் வந்தார். என்னிடம் படித்தவர்தான்.

"சாரு, இந்த வாட்டி ஒங்களுக்கும் பரிவட்டம் கட்றதா பேசியிருக்கோம்."

"நான் கீழூர்க்காரன் ஆச்சே?"

"இன்னா கீழூரு? ஒங்க கையால அடி வாங்காத முதுகு இந்த ஊர்ல ஒன்னு கீதா, காட்டுங்க. அப்புறம் இன்னா கீழூரு?"

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு கண் கலங்கினேன். அத்தனை வருடமும் எனக்கு நாற்காலி போட்டார்கள், முதல் இலை போட்டார்கள். அதெல்லாம் விருந்தாளிக்குச் செய்வது. பரிவட்டம் ஊரானுக்குக் கட்டுவது.

காப்பு கட்டியாயிற்று. அந்த வாரம் டிரான்ஸ்பார்மர் கெட்டு ஊரில் கரண்ட் இல்லை. கோயில் விளக்குக்கும் மைக்குக்கும் ஜெனரேட்டரைத் தோளில் தூக்கி வந்தார்கள். எனக்கு மட்டும் வீட்டில் ஒரு சோலார் விளக்கு, அதிலேயே போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வேன். குடகிலிருந்து ஆண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள், ஒருவனைத் தவிர. பறிப்பு கொஞ்சம் பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுக் கடைசி நாளைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தானாம். அவன் மனைவி என்னிடம் எழுத்து படித்தவள். வகுப்பில் முதல் வரிசை. அவளை மேலே படிக்க அனுப்பச் சொல்லி அவள் அப்பனோடு சண்டை போட்டுத் தோற்றிருக்கிறேன்.

காப்பு கட்டிய மறுநாள் காலை டப்பாவில் போன் அடித்தது. குடகிலிருந்து மேஸ்திரி. செங்கத்துக்காரர். குரல் சரியில்லை.

"சாரு, ஒங்க ஊரு ஆளு ஏணியோட வுழுந்துட்டாரு சாரு. மிளகு ஏணி. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிபோச்சு."

அவரே தொடர்ந்தார்.

"அவரு சம்சாரம் நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், ஸ்விட்ச் ஆப்லயே கீது. இன்னிக்கே கெளம்பி வந்தாங்கன்னா மூஞ்சியப் பாக்கலாம். நாளைக்கு வரைக்கும் ஆஸ்பத்திரில வச்சிக்கறோம்னு சொல்லிகீறாங்க. அனுப்பறீங்களா?"

கீழே கோயிலில் மைக் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று யாரோ எண்ணினான். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான் பாறையில் ஏறி ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவள் ஓடி வந்திருப்பாள். கேள்விப்பட்டதும் காப்பு போயிற்று, திருவிழா போயிற்று, மூன்றாம் வருடமும்.

அந்த நேரத்தில் நான் நினைத்ததை உள்ளபடி எழுதுகிறேன். ஊருக்காக நினைத்தேன் என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், இத்தனை ஜனம், இரண்டு வருடமாக அம்மனுக்குப் பொங்கல் வைக்காதவர்கள் என்று. அதுவும் நினைத்தேன்தான். ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது பரிவட்டம்.

"இங்கே காப்பு கட்டியாச்சு. வர முடியாது. நீங்களே அங்கே அடக்கம் பண்ணிவிடுங்கள்" என்றேன்.

"சம்சாரத்தாண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நான் சொல்லிக்கொள்கிறேன்."

"படிச்சவரு சொல்றீங்க, சரி சாரு."

டப்பாவிலிருந்து காதை எடுத்தேன். பிறகு போனை எடுத்து அணைத்துவிட்டேன். கேள்விப்பட்டவன் கோயில் பக்கம் போகக் கூடாது. நான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. நம்பிக்கை இல்லாதவனாக இருந்தால் அவளை உடனே அனுப்பியிருப்பேன். நம்பிக்கை உள்ளவனாக இருந்தால் நான் வீட்டோடு கிடந்திருப்பேன். இரண்டிலும் எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாவிளக்கு ஊர்வலத்தில் அவள் முன்னால் வந்தாள். புருஷன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டுதல். தலையில் தட்டு, தலை நிறையப் பூ. என்னைத் தாண்டும்போது சிரித்தாள். தலையில் பரிவட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கடைசி நாள் கிடா வெட்டினார்கள். அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. "அவரு வர்றதுக்குள்ள கறி ஆறிடும்போல கீதே சாரு" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். அவனுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்தாள்.

மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். ஜெனரேட்டர் ஓடையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுப் போய் அவளிடம் சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டுமென்று முன்பே யோசித்து வைத்திருந்தேன்.

"இப்பத்தான் போன் வந்ததும்மா. எல்லாம் முடிஞ்சிபோச்சாம். உன் போனுக்கு அன்னிக்கே போட்டுப் பாத்தாங்களாம், ஆப்ல இருந்ததாம்."

அதில் கடைசி வாக்கியம் ஒன்றுதான் உண்மை. அந்த உண்மையைப் போல் கொடுமையான பொய்யை நான் வேறெப்போதும் சொன்னதில்லை. அவள் தரையில் விழுந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் கத்தியது ஒன்றே ஒன்றுதான்: "சார்ஜ் போடாம வுட்டுட்டேனே! கோயில்ல ஜெனரேட்டர் ஓடிச்சே, அங்கயாவது போட்டிருப்பேனே!"

ஊரும் அதையே சொன்னது. மாமியார் சொல்லிக்காட்டினாள். "போனு எதுக்கு வச்சிகீனு கீறா? அழகுக்கா? மூஞ்சி பாக்க முடியாம எம் புள்ளய அனாதயாப் பொதச்சிட்டாங்க." நான் பக்கத்தில் நின்று, "விடும்மா, விதி" என்றேன்.

அடுத்த வருடம் கோபுரம் வந்தது. இப்போது எல்லா வீட்டிலும் சிக்னல் இருக்கிறது. பலாமரத்து டப்பா துருப்பிடித்துக் கிடக்கிறது. அவள் தன் போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவளை யாரும் கூப்பிடப்போவதில்லை. இருந்தாலும் சார்ஜ் குறைய விடமாட்டாள். களை எடுக்கும்போதும், புளி அடிக்கும்போதும், தண்ணீர்க் குடத்தோடு வரும்போதும் நின்று நின்று அதன் விளக்கைப் பார்ப்பாள். கரண்ட் போனால் என் வீட்டுச் சோலாருக்கு ஓடி வருவாள். "கொஞ்சம் போட்டுக்கறேன் சாரு" என்று சொருகிவிட்டு, நிரம்பும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். அந்த வருடமும் பரிவட்டம் கட்டிக்கொண்டேன்.

இந்தப் பங்குனிக்கு ஊர்க்கவுண்டர் மறுபடி வந்து அழைத்தார். வேண்டாம் என்றேன். "ஏன் சாரு, யார்னா எதுனா சொன்னாங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் காட்டுக்குப் போயிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். போன் வந்தது, மேஸ்திரி கேட்டது, நான் சொன்ன பதில், மறைத்தது, எல்லாம். பரிவட்டத்தையும் சொன்னேன். கட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் முடித்த பிறகுதான் நின்றது.

"போன் என்னிக்கு வந்திச்சு சாரு?"

"காப்பு கட்டின மறுநாள்."

"மாவிளக்குக்கு முன்னாடியா?"

"முன்னாடிதாம்மா."

விரலில் ஒட்டிய புளியை மெதுவாக வழித்தாள்.

"தலையில பூவு வச்சிகினு போனேன். ஒங்களப் பாத்து சிரிச்சேன் சாரு, ஞாபகம் கீது."

"ஆமாம்மா."

"கறி துன்னேன். எங்க மாமியாரு இன்னும் ரெண்டு துண்டு போட்டாங்க, வேணாம் வேணாம்னு சொல்லிகினே துன்னேன்." கட்டையைக் கீழே வைத்தாள். "நீங்களும் எங்க வூட்லதான துன்னீங்க."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் அவள்மேல் ஏற்ற வேண்டாம் என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், அதுவும் பயம்தான்.

அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். போனைப் புளிக்கூடையின் ஓரத்தில் வைத்தாள். அதன் விளக்கைப் பார்க்கவில்லை.

"போங்க சாரு" என்றாள்.

வருடக்கணக்கில் அந்த வீட்டிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம் "போய்ட்டு வாங்க சாரு" என்றுதான் சொல்வாள்.

அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் வந்தார், வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "இத்த ஏன் சாரு இப்ப சொன்னீங்க? சொல்லாமயே போயிருக்கலாமே" என்றார். தீட்டோடு கும்பிட்ட அம்மனுக்குப் பரிகாரம் செய்ய வேண்டுமாம், பூசாரி சொல்கிறாராம். அவரும் ஊரைத்தான் நினைக்கிறார். அவர் குரலில் என் பழைய குரலைக் கேட்டேன். இப்போது தண்ணீர் எடுக்கும் பெண்கள் என் வாசல் வழியாகப் போவதில்லை. நான் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை. மாமியார் மட்டும் ஒரு நாள் வந்து, வழியை மறித்து நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். மருமகளை இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

பரிகாரம் செய்து, காப்பு கட்டி, இந்த வருடத் திருவிழா இன்று நடக்கிறது. எனக்குக் காப்பில்லை. அவள் தனக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். ஊரே கோயிலில் இருக்கிறது. பம்பைச் சத்தம் மேலே ஏறி வருகிறது. அது ஓயும்போதெல்லாம் கீழே ஒரே ஒரு வாசலிலிருந்து புளி அடிக்கும் கட்டைச் சத்தம் கேட்கிறது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.