பின்னால் போகாத சீட்

அல்சூரில் எங்கள் வீட்டின் மாடியில் நாங்கள், கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும். பெரியப்பா அரசாங்க எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், பட்டனை அழுத்தினால் தானாக நகரும் சீட் வைத்த ஒரு காரை வாங்கியதுதான். ஆள் ஆறடி. ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்துவார், சீட் முனகிக்கொண்டே பின்னால் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அதைக் காட்டுவதில் எனக்கு அப்படியொரு பெருமை.

அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட் தூணில் இடித்துவிட்டு, தூணைக் கோணலாகக் கட்டியிருக்கிறான் என்றார். ஏரிக்கரை ரோட்டில் சைக்கிளில் வந்த பால்காரர் மயிரிழையில் தப்பித்தபோது, அந்த ஆளுக்கு ரோட்டில் போகத் தெரியவில்லை என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்பார். வண்டி ஓட்டாதீர்கள் என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்பா அவருக்குத் தம்பி, அவரால் முடியாது. பெரியம்மா ஒருமுறை ஆரம்பித்தார். அன்று முழுக்கப் பெரியப்பா சாப்பிட வரவில்லை.

இந்த லட்சணத்தில், ஆனேக்கல்லில் அத்தை பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று வந்தது. ஓசூர் ரோடு முழுக்க லாரி. நானே ஓட்டுகிறேன், எல்லோரும் காரிலேயே போகலாம் என்று பெரியப்பா அறிவித்துவிட்டார். அம்மா அந்த வாரம் எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டார்.

பெரியம்மாவுக்கும் லைசென்ஸ் உண்டு. பெரியப்பா ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் லிங்கராஜபுரம் போய் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஆனால் ஓட்ட அனுமதி பக்கத்துத் தெருக் கோயில் வரைதான். ரொம்பக் குள்ளம் என்பதால் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட வைத்துக்கொண்டு ஓட்டுவார். சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போய்வந்தவர், "ஏங்க, சீட்டு பின்னால போகமாட்டேங்குது" என்றார்.

பெரியப்பா குஷியாகிவிட்டார். ஓய்வு பெற்றபின் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. பாட்டரியைப் பார்த்தார், சரியாக இருந்தது. பட்டனைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்; கடலைத் தோலும், தொலைந்துபோன என் கிளிப்பும் கிடைத்தன. இவர் பட்டனை அழுத்த, அப்பா முன்னாலிருந்து தம் கட்டித் தள்ளினார். சீட் அசைந்துகொடுக்கவில்லை. போகட்டும், இப்படியே ஓட்டுகிறேன் என்று உள்ளே நுழைந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கிக்கொண்டது. அப்பாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

"டாக்ஸி சொல்லிடவாண்ணா?"

"சொந்த வண்டி வாசல்ல நிக்குது, டாக்ஸில போய் எறங்கணுமா? மானம் போயிடும்!"

"அப்ப நான் ஓட்டறேங்க. எனக்கு இந்த சீட்டு சரியாத்தானே இருக்கு."

"நீயா? ஆனேக்கல் வரைக்குமா? நல்லாருக்கு கதை!" என்று சொல்லிவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டார். மத்தியானம் வருவதாக அவன் சொன்னான்.

அதற்குள் பெரியப்பாவுக்கு ஃபியூஸ் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தார். எந்த ஃபியூஸ் எதற்கு என்று மூடியில் படம் போட்டிருந்தது. மூடியைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். "பொடிசு பொடிசா போட்டுத் தொலைச்சிருக்கான். நீ பாரு கண்ணு" என்று என்னிடம் கொடுத்தார்.

சீட் படத்தை நான் உடனே கண்டுபிடித்தேன். அதற்குரிய குழியில் ஃபியூஸ் இல்லை.

"பெரியப்பா, இங்க ஒண்ணுமே இல்ல!"

அவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பக்கத்துக் குழிகளில் இருந்தவற்றை நான் பார்த்தேன். அதே மாதிரி பச்சை நிறத்தில் ஒன்றைக் காலையில்தான் பார்த்திருந்தேன். பெரியம்மா எனக்குத் தலை பின்னும்போது ஹேர்பின் டப்பாவில் கிடந்தது. எடுத்துக் கேட்டதற்கு, "மிட்டாய் இல்லடி, வெச்சிடு" என்றிருந்தார். ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அதை எடுத்துவந்து நீட்டினேன். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார், எஞ்சினியர் ஆகிவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்வார் என்று நின்றேன்.

"எங்க இருந்துச்சு?"

"பெரியம்மா ஹேர்பின் டப்பால."

சமையலறையில் பெரியம்மா தாளிக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஃபியூஸை என் கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

"எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வா கண்ணு. யார்கிட்டயும் சொல்லாத."

மெக்கானிக்குக்கு மறுபடி போன் போட்டார். "பேடப்பா, பரபேடா. மோட்டாரே ஹோகிதெ" என்று கன்னடத்தில் சொல்லி அவனை வரவேண்டாம் என்றார். பிறகு வீட்டுக்கே கேட்கும்படி, மோட்டாரே போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வந்தால்தான் உண்டு என்றார். பெரியம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "ஐயையோ, அப்படியா?" என்றார். அந்தப் பார்ட்ஸ் கடைசிவரை வரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய எஞ்சினியர், கையில் கொடுத்தும் மாட்டத் தெரியவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஓட்டினார். இடதுபக்க சீட்டில் உட்கார்ந்த பெரியப்பா, ஹார்ன் அடி, லாரிக்கு வழி விடு என்று வாய் ஓயாமல் அதிகாரம் பண்ணிக்கொண்டு வந்தார். சிக்னலில் வண்டி நின்றால் மட்டும் அமைதியாகிவிடுவார். கொஞ்சம் கழித்து, மெதுவாக, "பச்சை விழுந்துடுச்சா?" என்பார். விளக்கு நேர் எதிரே சாப்பாட்டுத் தட்டு மாதிரி எரிந்துகொண்டிருக்கும்.

"விழுந்துடுச்சுங்க" என்று சொல்லி பெரியம்மா வண்டியை எடுப்பார்.

ஆனேக்கல் வரை ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டார். பெரியம்மாவுக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் ஒன்றில்கூடத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பின்சீட்டில் நான் பதறிக்கொண்டிருந்தேன்.