அக்காவின் பேட்டரி வண்டி

இலஞ்சியில் எங்கள் வீட்டுச் சாயங்காலத்துக்கு ஒரு ஓசை உண்டு. சார்ஜருக்குள் சின்ன விசிறி சுற்றும் ஓசை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்து வந்ததும் அக்கா தன் சக்கர நாற்காலியைக் கூடத்துச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்துவாள். அம்மாவும் நானும் அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைப்போம். உடனே நான் சார்ஜரைச் செருக வேண்டும். ஆரஞ்சு விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவாள்.

அவளுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து போகும் நோய். கல்லூரியில் படிக்கும்போது மாடிப்படி ஏறத் தடுமாறியதில் தொடங்கியது. திருநெல்வேலி, மதுரை என்று அலைந்தோம். பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இதற்கு மருந்தில்லை என்பதைக் கனிவாகத்தான் சொன்னார்கள். கால்கள் முழுவதும் போன பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த பேட்டரி நாற்காலி வந்தது. கைப்பிடியில் உள்ள சிறு குச்சியை விரலால் தள்ளினால் போதும், ஓடும். அக்கா அதை நாற்காலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. வண்டி என்றுதான் சொல்வாள்.

பேட்டரியை அவள் பார்த்துக்கொண்டதுபோல் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாளா என்பது சந்தேகம்தான். முழுவதும் தீர விடமாட்டாள். பாதி ஏறியதும் பிடுங்கவும் விடமாட்டாள். விளக்கு பச்சையாக வேண்டும். சித்திரை வெயிலில் வண்டி வாசலில் நின்றால் சத்தம் போடுவாள். சாரல் காலத்தில் தனக்குக் குடை பிடிக்கும் முன்பு இருக்கைக்கு அடியில் பாலித்தீன் தாளைச் சுற்றச் சொல்வாள். "எனக்குச் சளி பிடிச்சா போயிரும் ஏட்டி. இதுக்குள்ள தண்ணி போனா நான் எங்கன போவேன்?" என்பாள்.

ஒரு சீசனில் குற்றாலத்துக்குத் தனியாகப் போக வேண்டும் என்றாள். அதுவரை அவளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறோம். காரில் தூக்கி வைத்து, அங்கே தூக்கி இறக்கி, கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு. அம்மா பதறினாள். "ஒத்தையிலயா போவ?"

"பஸ்ல போற பிள்ளைக எல்லாம் ஒத்தையிலதானம்மா போகுது."

முதல் நாளே சார்ஜ் போட்டு, பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அக்கா கிளம்பினாள். வெயிலும் சாரலும் மாறி மாறி வந்த நாள். நான் தென்காசியில், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இருந்தேன்.

முற்பகலில் அவளிடமிருந்து போன் வந்தது. "ஏட்டி, வண்டி நின்னுட்டு. மேட்டுல ஏறும்போதே திணறிச்சு. கொஞ்சம் வாரியா?" குரலில் பதற்றம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனால், குற்றாலம் சாலை முழுக்க வேன்களும் கார்களும். ஒதுங்கிப் போக இடமில்லை. சாரல் மழையாக மாறியது. மறுபடி போன் செய்தேன்; அவள் எடுக்கவில்லை. முன்னால் நின்ற வேனிலிருந்தவர்கள் பாட்டுப் போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். யாருக்கும் அது கேட்கவில்லை.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு சிப்ஸ் கடையின் தகரச் சாய்ப்புக்கு அடியில் வண்டி நின்றது. அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நடுரோட்டில் நின்றவளுக்கு உதவ நாலைந்து பேர் ஓடி வந்திருக்கிறார்கள். பின்னால் உள்ள நெம்புகோலைத் திருப்பினால்தான் சக்கரம் உருளும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அவளையும் சேர்த்து அலாக்காகத் தூக்கி, கண்ட வாக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாவம், நல்ல எண்ணம்தான். தூக்கியதில் போன் மடியிலிருந்து நழுவி, காலடியில் கிடந்து அடித்து ஓய்ந்திருந்தது. குனிந்து எடுக்க அவளால் முடியாது. முதுகுக்குப் பின்னால் ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருக்க, அவள் வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு அத்தனை நேரம் இருந்திருக்கிறாள்.

"முதல்ல திருப்பி விடு ஏட்டி," என்றாள்.

திருப்பினேன். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. "அருவி பக்கந்தான்க்கா. நான் தள்ளிட்டுப் போறேன்," என்றேன்.

"தள்ளிட்டுப் போயி பாக்கவா வந்தேன்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "விளக்கு பச்சையாத்தானே இருந்துச்சு. நீயும் பாத்தேல்லா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். பழைய பேட்டரி அப்படித்தான், நிறைந்ததுபோல் காட்டிவிட்டு ஏற்றத்தில் கைவிட்டுவிடும் என்று பிறகு பழுது பார்க்க வந்தவர் சொன்னார். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் அதன் ஆயுள் அவ்வளவுதானாம்.

புது பேட்டரி தருவிக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் அவளுடைய வலது கை குச்சியைத் தள்ளும் பலத்தை இழந்துவிட்டது. குச்சியை இடது பக்கம் மாற்றிப் பார்த்தோம். ஒரு மழைக்காலம் வரை தாங்கியது. பிறகு அந்தக் கையும் ஓய்ந்தது. இப்போது அவள் சன்னலோரக் கட்டிலில்தான் இருக்கிறாள். வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அம்மா ஒருமுறை மெதுவாகக் கேட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஆனால் வண்டி ஓடாமல் கிடக்கக் கூடாது அவளுக்கு. "சும்மா கெடந்தா பேட்டரி செத்துரும். நீ எடுத்து ஓட்டு," என்றாள் என்னிடம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் அதில் உட்கார்ந்து தெருவில் போகிறேன். இரண்டு காலும் நல்லபடி உள்ள நான். முதல் வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சி பதறி ஓடி வந்தார், "ஐயோ, உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று. ஒன்றுமில்லை, பேட்டரிக்காக என்றேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அம்மா போனை அக்காவின் காதருகே வைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் தெரு முனை திரும்பியதும் அக்கா கேட்பாள்.

"எங்கன போற இப்போ?"

"கோயில்கிட்டக்கா."

"கூட்டமா?"

"ஒரு கல்யாணம் நடக்கு."

"பொண்ணு என்ன கலர் சேலை?"

சொல்கிறேன். பிறகு அவள் குரல் வருகிறது, "மெதுவாப் போ ஏட்டி. இப்பமே திரும்பிராத."