முகத்தைப் பார்த்துத் தோற்ற ஆட்டம்

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. சாயங்காலம் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் பெட்மின்டன் ஆடுவோம்.

அந்த வருஷம் ஹட்டனில் தோட்ட உத்தியோகத்தர்களுக்குப் போட்டி வைத்தார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒருவர்தான். நானா, பெரிய கிளாக்கரா என்று ஆடித் தீர்க்கச் சொன்னார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது தாண்டியவர், தொப்பை வேறு. நான்தான் போவேன் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் ஆட்டத்தில் மனுஷன் என்னைப் பம்பரமாகச் சுற்ற வைத்தார். பின்கோட்டைப் பார்ப்பார், பந்து வலைக்கு முன்னால் பொத்தென்று விழும். வலையைப் பார்ப்பார், என் தலைக்கு மேல் பறக்கும். ஒரு தரம் ஏமாறலாம், இரண்டு தரம் ஏமாறலாம். ஆட்டம் முழுக்க ஏமாறுகிறவனை என்னவென்று சொல்வது? "என்ன ஐசே, எங்க ஓடுறீர்?" என்று நக்கல் வேறு.

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்த என் தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, பெரட்டுல தொரை மூஞ்சியப் பாக்குற மாதிரி இவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பந்த அடிக்கிறது மூஞ்சியா? கையப் பாருங்க."

எரிச்சலாக இருந்தது. ஆனால் நிஜம். விடியற்காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது துரையின் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று எங்கள் சனம் கணிக்கும். எனக்கும் அதே பழக்கம்.

இரண்டாவது ஆட்டத்தில் கையையே பார்த்தேன். மெல்லத் தட்டுவதென்றால் அவர் மணிக்கட்டு கடைசி நொடியில் தளரும். தூர அடிப்பதென்றால் தளராது. இவ்வளவுதான் விஷயம். ஜெயித்தேன்.

மூன்றாவதில் நான் பதினாலு, அவர் பன்னிரண்டு. சேர்விஸ் என்னிடம். இன்னும் ஒரே புள்ளி. போட்ட பந்துக்கு அவர் கையை ஓங்கினார், மணிக்கட்டு தளர்வதும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, நான் ஆபீசுக்குப் பிந்தி வந்தால் சுளிப்பாரே, அப்படி முகத்தைச் சுளித்தார். பாழாய்ப்போன என் கண் முகத்துக்குப் போனது. கால் தானாகப் பின்வாங்கியது. பந்து வலையோரம் விழுந்தது. அப்போதெல்லாம் சேர்விஸ் போடுகிறவருக்குத்தான் புள்ளி. சேர்விஸ் கைமாறி, பதினைந்துக்கு வேண்டிய மூன்று புள்ளியையும் அவர் வரிசையாக எடுத்தார்.

ஹட்டனுக்கு அவர்தான் போனார். "கையத்தானே பாக்கச் சொன்னேன்" என்று தங்கச்சி ஒரு வாரம் என் உயிரை வாங்கினாள்.

இன்றைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைச் சுளித்தால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. அவர் கை என்ன செய்கிறது என்று பார்க்க, இந்த வயதிலும் என்னோடு நானே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.