துரையின் வெள்ளைக் கால்சட்டை

போன வாரம் மலைமேல் கியா பார்ம் சந்தைப் பக்கம் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. முன்னால் நின்ற சுற்றுலா பஸ் ஒன்று உறுமி, கரும்புகையை என் முகத்தில் ஊதியது. எல்லோரும் கண்ணாடியை ஏற்றினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீசல் வாசனை வந்தால் எனக்குப் பார்வதியக்கா ஞாபகம்தான்.

எழுபதுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. தமிழ் தெரியாத மேனேஜர் துரைக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பதில் ஏகப் பெருமை. என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். துரைக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் கொழுந்து உலர்த்த விறகடுப்பு போய் டீசல் அடுப்பு வந்தது. கீழே தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக் கொடிகளில் காய்ந்த துணியெல்லாம் கரிப்புள்ளி. பிள்ளைகள் இருமின. பங்களாத் துணி துவைக்கும் பார்வதியக்கா, கறுத்த போர்வையோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"புகை மேலே போய்க் காணாமல் போய்விடும்" என்றார் துரை ஆங்கிலத்தில். தமிழில் சொன்னேன்.

"வானம் என்னா, குப்பை போடுற தோங்கா? கேட்டுச் சொல்லு கிராணி!"

வேலை போய்விடுமே! "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். துரை முகம் மலர்ந்து கைகூப்பினார். அக்கா என்னை முறைத்தார்.

மறுநாள் துரையின் வெள்ளைக் கால்சட்டை லயத்துக் கொடியில், புகைபோக்கிக்கு நேர் கீழே காய்ந்தது. சனிக்கிழமை அதை மாட்டிக்கொண்டு துரை கிளப்புக்குப் போனார். பின்பக்கம் புள்ளிமான் போலிருந்ததை அங்கே யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

திங்கட்கிழமை ஆபீசில் அக்காவை நிறுத்தி விசாரணை.

"பொகதான் காணாமப் போயிரும்னு ஐயா சொன்னாங்கல்ல?"

இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். துரை சிரித்துவிட்டார். புகைபோக்கியை உயர்த்தினார்கள். கரி எங்களைத் தாண்டி அடுத்த லயத்தில் விழுந்தது. நாங்கள் கோயிலில் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். ஆனால் அடுத்த வாரமே அந்த லயத்துப் பெண்கள் போர்வைகளோடு வந்தார்கள். முன்னால் நடந்து வந்தவர் பார்வதியக்கா!

"நம்ம துணி வெளுத்தா போதுமா லா, கிராணி?"

போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியில் புகைபோக்கியில் கரி பிடிக்கும் கூண்டு மாட்டினார்கள். கரி நின்றது. கண்ணுக்குத் தெரியாத புகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது, எங்கள் அடுப்பிலிருந்தும், ரிங்லெட் ஊர் வழியே மலை ஏறி இறங்கிய அத்தனை லோரிகளிலிருந்தும். அதைக் காட்டிக்கொடுக்க எந்தப் போர்வையாலும் முடியவில்லை.

அப்போதெல்லாம் காலையில் கங்காணி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூடுபனிக்குள்ளிருந்து குரல் மட்டும்தான் வரும். இரண்டு கம்பளிச்சட்டை போட்டும் பல் தந்தியடிக்கும். இப்போது மூடுபனியும் குளிரும் குறைந்துபோய், விடிந்ததுமே எதிர்மலை பளிச்சென்று தெரிகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், என்ன அழகு என்கிறார்கள்.